கேட்டால் அவிழும் முடிச்சு

"மேடம், என் ஜெல்லில என்ன குறை?"

சவரிராயன் இப்படிக் கேட்டபோது நப்பின்னை மேடம் ஒரு வெள்ளைத் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். தொட்டியில் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது.

"கொஞ்சம் இருங்க சார். காலையில போட்டது எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு."

நல்ல ஜெல் தண்ணீருக்குள் போனால் கண்ணுக்குத் தெரியாது. அதன் உடம்பில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். விரல்தான் அதைக் கண்டுபிடிக்கும்.

அது மலைமேல் இருந்த ஓர் ஆய்வுக்கூடம். மேகம் ஒரு சன்னல் வழியாக வந்து, தொட்டிகளுக்கு மேலே சற்று நின்று, எதிர்ச் சன்னல் வழியாகப் போய்விடும். அங்கே வேலை செய்கிறவர்கள் தலையை நிமிர்த்தி அதைப் பார்ப்பதுகூட இல்லை.

தொட்டிகளில் உப்புத் தண்ணீர், உடம்புச் சூட்டில். அதில் புண்ணுக்குக் கட்டாக மனித உடம்பில் போடவேண்டிய ஜெல்கள் ஊறிக்கொண்டிருக்கும். ஒன்றோடொன்று சேராமல் மிஞ்சிய மருந்துச் சரக்கு கழுவக் கழுவ வெளியேறும். யார் செய்த ஜெல்லோ அவரேதான் தண்ணீர் மாற்ற வேண்டும். காய்ச்சல் என்றாலும் அடுத்தவரிடம் ஒப்படைக்கக் கூடாது. அந்த இடத்தின் வழக்கம் அது.

நப்பின்னை மேடத்துக்கு நாற்பது ஆகவில்லை. சவரிராயனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கற்றுக்கொள்ள வந்தவர் சவரிராயன்தான்.

அதற்கு முன் அவர் ஒரு பசைக் கம்பெனியில் பெரிய ஆள். செருப்பு, கதவு, கப்பல் பலகை என்று அவர் ஒட்டாத பொருள் இல்லை. ஒட்டினது பிரிந்துவந்தது என்று ஒரு புகார்கூட வந்ததில்லை என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருநாள் மனித உடம்பிலும் ஒட்டிப் பார்க்கலாமே என்று தோன்றி, வேலையை விட்டுவிட்டு நரைத்த தலையோடு மலையேறி வந்தார். நல்ல மனிதர். கொஞ்சம் பெருமை பிடித்தவர். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

மேடத்தின் கையில் ஜெல் தட்டுப்பட்டது. தண்ணீரைவிட்டு வெளியே வந்ததும் அது ஒரு பளபளப்பாகத் தெரிந்தது.

"குறை இருக்குன்னு யார் சார் சொன்னா?"

"கீழ ஆஸ்பத்திரியில அந்தம்மா இனிமே கட்டு மாத்த விடமாட்டேங்கறாங்களாம். ரெண்டு கையையும் போர்வைக்குள்ள வச்சுக்கிட்டு எடுக்கவே மாட்டேங்கறாங்களாம்."

அந்தம்மாவின் பெயர் முப்பிடாதி. கடலைமிட்டாய் பட்டறையில் வேலை. கொதிக்கிற பாகுச் சட்டியை இறக்கும்போது பிடி நழுவி, பாகு இரண்டு கைகளிலும் கொட்டிவிட்டது. வெந்நீராக இருந்தால் உதறிவிடலாம். பாகு ஒட்டிக்கொள்ளும்.

பிறந்ததிலிருந்து அவளுக்குக் காது கேட்காது, பேச்சு வராது. அவள் பேசுவதெல்லாம் கையால்தான்.

கட்டு ஒழுங்காக மாற்றப்படாவிட்டால் விரல்கள் மடங்கி அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிறகு விரல்கள் இருக்கும், பேசாது.

"கட்டுப் பிரிக்கும்போது வலிச்சுதாமா?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல மேடம். அதுதான் எனக்குப் புரியல. ஒவ்வொரு தடவையும் நர்ஸ்கிட்ட விசாரிச்சேன். ஒரு சத்தம் கிடையாது, ஒரு சைகை கிடையாது. சுவரைப் பாத்துத் திரும்பிக் கண்ணை மூடிக்கிட்டு இருப்பாங்களாம். என் ஜெல்லு வலியே குடுக்காதுன்னு நான் எழுதியே வச்சுட்டேன்."

"சைகையும் இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லையாம்."

"எப்படிப் போட்டிருக்கீங்க?"

சவரிராயன் உற்சாகமாகச் சொன்னார். இரண்டு கையும் மணிக்கட்டு வரை, விரலெல்லாம் சேர்த்து, ஒரே உறை. அசைந்தால் புண் ஆறாதே. அசையவே முடியாதபடி பிடித்துக்கொள்ளும். யானை இழுத்தாலும் வராது.

மேடம் ஜெல்லைத் திரும்பத் தண்ணீரில் விட்டார். அது மறுபடி காணாமல் போனது.

"சாப்பிட்டுட்டு வெளிய வாங்க சார். உங்க ஜெல்லையும் எடுத்துக்கிட்டு வாங்க."

*

வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்சு. அன்று மேகம் தரைவரை இறங்கியிருந்தது. பெஞ்சும் இருவரும் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது.

மேடம் சவரிராயனின் இரண்டு கைகளிலும் அவருடைய ஜெல்லையே பூசினார். கொஞ்ச நேரத்தில் அது இறுகியது. குளுகுளுவென்றிருந்தது. சவரிராயனுக்குத் தன் வேலைமேல் தனக்கே மதிப்பு கூடியது.

"நல்லா இருக்கா?"

"அருமையா இருக்கு மேடம். முப்பிடாதிக்கு என்ன கசக்குது?"

மேடம் கோட்டுப் பையிலிருந்து இரண்டு பஞ்சு உருண்டைகளை எடுத்தார். ஒன்றை வலது காதிலும் ஒன்றை இடது காதிலும் நன்றாக அடைத்துக்கொண்டார். பிறகு சவரிராயனின் இடதுகை உறையின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பிடித்தார். உரிக்க ஆரம்பித்தார்.

சவரிராயனுக்கு மணிக்கட்டில் முடி அதிகம்.

"மேடம், மெதுவா" என்றார்.

உரிப்பது நிற்கவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம்."

நிற்கவில்லை. மேடம் அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. கட்டுப் பிரிக்கிறவர்கள் கட்டைத்தான் பார்ப்பார்கள்.

"நிறுத்துங்க மேடம். நிறுத்துங்கன்னு சொல்றேன் இல்ல."

வலதுகையை உயர்த்தி அவரைத் தடுக்கப் பார்த்தார். உறைபோட்ட கை மேடத்தின் தோளில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதற்குமேல் அந்தக் கையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. விரல் எங்கே இருக்கிறது என்றே அதற்குத் தெரியவில்லை.

இடதுகை உறை முழுதாக வந்துவிட்டது. முடியும் அதோடு வந்துவிட்டது. தோல் சிவந்து கிடந்தது.

மேடம் காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"ஏதாவது சொன்னீங்களா சார்?"

"நிறுத்துங்கன்னு கத்தினேன் மேடம்."

"அப்படியா? நான் உங்க கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அது ஒண்ணும் சொல்லலையே."

சவரிராயன் தன் வலது கையைப் பார்த்தார். உறைக்குள் அது மங்கலாக, தண்ணீருக்குள் கிடப்பதுபோல் தெரிந்தது. விரல்களை அசைக்கப் பார்த்தார். அசைத்ததாகத்தான் அவருக்குத் தோன்றியது. வெளியே ஒன்றும் தெரியவில்லை.

மேகம் கொஞ்சம் விலகியது. எதிரே ஒரு மரம் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"இன்னொரு கை பாக்கி இருக்கு சார்" என்றார் மேடம், பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு.

சவரிராயன் எழுந்தார்.

"அது இப்படியே இருக்கட்டும் மேடம்."

*

ஒரு கையில் உறையோடு அவர் பஸ்ஸில் மலையிறங்கினார். கண்டக்டர் அதை ஏதோ நோய் என்று நினைத்து ஒரு சீட்டு முழுவதையும் அவருக்கே கொடுத்துவிட்டார்.

வழியில் தூங்கினாரா விழித்திருந்தாரா என்று அவருக்கே தெரியாது. வளைவுகளில் பஸ் மெல்லத் திரும்பத் திரும்ப, தான் ஒரு ஜெல்லுக்குள் உட்கார்ந்திருப்பதாகவும், வெளியே எல்லோரும் நல்ல மனிதர்களாக நடந்துபோவதாகவும், ஒருவர்கூடத் தன் பக்கம் திரும்பாததாகவும் இருந்தது.

முப்பிடாதியை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. ஜெல்லை ஐஸ் பெட்டியில் கொடுத்தனுப்புவார், செய்தியை நர்ஸிடம் கேட்பார், அவ்வளவுதான்.

பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் போர்வை. போர்வைக்குள் கைகள். பக்கத்தில் அவள் புருஷன் சுடலைக்கண்ணு, தோளில் துண்டோடு நின்றான். அவனுக்குக் காது கேட்கும். அவளுக்காக அவனும் கைப்பேச்சு படித்துக்கொண்டவன்.

சவரிராயன் தன்னை யாரென்று சொன்னார். சுடலைக்கண்ணு கைகூப்பி வணங்கினான். முப்பிடாதி வணங்கவில்லை. அவள் அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே உறை. அதே ஜெல். விரலில்லாத அதே மொழுக்கைக் கை.

பார்த்துக்கொண்டே இருந்தவள் போர்வையை விலக்கித் தன் இரண்டு கைகளையும் வெளியே எடுத்தாள். மூன்றும் ஒரே மாதிரி இருந்தன.

"கழட்டும்போது வலிச்சுதான்னு கேளுங்க தம்பி."

சுடலைக்கண்ணு கையால் கேட்டான்.

அவள் இரண்டு உறைகளையும் தூக்கிக் காட்டினாள். அப்படியே மடியில் விழவிட்டாள். அவ்வளவுதான் பதில். கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் அவளால் முடியவில்லை, சுடலைக்கண்ணுதான் துண்டால் துடைத்தான்.

சவரிராயனுக்குத் தன் வாழ்நாளில் அவ்வளவு வெட்கம் வந்ததில்லை.

"என்னையக் கட்டுப் போடுற ரூமுக்குள்ள விடமாட்டாங்க சார்" என்றான் சுடலைக்கண்ணு. "உள்ள என்ன நடக்குன்னு இவதான் சொல்லணும். இவ எப்பிடிச் சொல்லுவா? முன்னாடியெல்லாம் லைட்ட அணைச்ச பொறவும் என் உள்ளங்கையில வெரல வச்சு ஏதாச்சும் பேசிக்கிட்டே கெடப்பா. தூங்க விட மாட்டா. இப்ப வீடே சத்தமில்லாம கெடக்கு சார்."

அன்று சவரிராயன் டாக்டரிடம் போய் நின்றார். தான் எழுதிவைத்தது தவறு என்று சொன்னார். இனிமேல் இரண்டு கையையும் ஒருசேர மூட வேண்டாம் என்றும், கட்டு மாற்றும்போது புருஷன் கூட இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். டாக்டர் கெட்டவர் இல்லை. அவருக்கும் இது தோன்றாமல் போய்விட்டது, தோன்றவில்லையே என்று அவரும் சங்கடப்பட்டார்.

மயக்க ஊசி போட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வெகுநேரம் ஊறவைத்து, அவளுடைய வலது கையை விடுவித்தார்கள். சவரிராயனும் அதேபோல் ஊறவைத்துத் தன் உறையைக் கழற்றிக்கொண்டார். மயக்கம் தெளிந்ததும் அவள் அந்தக் கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தாள். பிறகு சவரிராயனைப் பார்த்து, விறைத்த விரல்களால் தட்டுத் தடுமாறி ஏதோ சொன்னாள்.

சவரிராயன் ஆவலாகக் கேட்டார், என்ன சொல்கிறார்கள் என்று.

சுடலைக்கண்ணு தலையைச் சொறிந்தான். "அத விடுங்க சார்."

"பரவாயில்ல, சொல்லுங்க தம்பி."

"வசவு சார். எங்க ஊருல அது கொஞ்சம் பெரிய வசவு."

சவரிராயன் தலையாட்டி வாங்கிக்கொண்டார். அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

*

டாக்டர் ஒரு முடிவு சொல்லியிருந்தார். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கைகளில் வைத்துத் தைக்க வேண்டும். முதலில் வலது கை. வைத்த தோல் பூப்போல இருக்கும். அதன்மேல் போடுகிற கட்டு, பிரிக்கும்போது அதை இழுத்துவிட்டால் கை போனது போனதுதான். இன்னொரு தடவை வைக்க முடியாது.

முப்பிடாதி அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். விரல்கள் தனித்தனியாக வெளியே இருக்க வேண்டும். இல்லையென்றால் தோலும் வேண்டாம், வைத்தியமும் வேண்டாம்.

சவரிராயன் மேடத்திடம் வந்து உட்கார்ந்தார்.

ஜெல் என்பது தண்ணீருக்குள் கிடக்கிற நீள நீளமான நூல்கள். நூலும் நூலும் சேருமிடத்தில் ஒரு முடிச்சு. முடிச்சு அதிகமானால் கல். குறைந்தால் கஞ்சி. இரண்டுக்கும் நடுவில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது.

"முடிச்சைக் குறைச்சா வழிஞ்சு ஓடுது மேடம். கூட்டினா விடமாட்டேங்குது. எவ்வளவு நேரம்தான் பிடிச்சிருக்கணும்?"

மேடம் ஃப்ளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளரில் டீ ஊற்றினார். ஆவி பறந்தது. விளிம்பைப் பிடித்து அவரிடம் நீட்டினார்.

சவரிராயன் வாங்கினார். சூடாக இருந்ததால் ஒரு விரலை மாற்றிப் பிடித்தார். மேடத்தின் விரல்கள் அதுவரை டம்ளரிலேயே இருந்தன. அவர் பிடி நிலைத்தபிறகு விலகிக்கொண்டன.

"நான் எப்ப விட்டேன் சார்?"

சவரிராயன் டீயைக் குடிக்கவில்லை. டம்ளரை வைத்தகண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது. மேடம் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டார், எதையும் வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது என்றாலும்.

கரைந்துபோகிற முடிச்சு அந்தக் கூடத்துக்குப் புதிதல்ல. மேடம் அதை ஏற்கெனவே செய்து, சோதித்து, மனிதர்களுக்குப் போடலாம் என்ற அனுமதியும் வாங்கிவைத்திருந்தார். நம் உடம்பிலேயே இருக்கிற ஒரு மெல்லிய அமிலத்தைத் தண்ணீரில் கலந்து மேலே ஊற்றினால் அந்த ஜெல்லின் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, எல்லாம் தண்ணீராக வழிந்துவிடும். இழுக்க வேண்டியதில்லை.

சவரிராயன் வந்த புதிதில் அதைப் பார்த்து, "இது பசையில்ல மேடம், பழுது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இப்போது அதையே கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் அது தட்டையான புண்ணுக்குச் செய்தது. விரல் மடங்கினால் கணுவில் கிழிந்துவிடும். மடங்கினால் மடங்க வேண்டும், நீட்டினால் நீள வேண்டும், ஊற்றினால் கரைய வேண்டும். அதற்குமுன் கரையவே கூடாது.

செய்தார், கிழிந்தது. செய்தார், நழுவியது. வார்த்து வைத்த அச்சுக் கையில் பூசி, மடக்கி, நீட்டி, திரும்பத் தொட்டியில் போட்டு, தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தார். இடையிடையே பஸ் பிடித்துக் கீழே போய், முப்பிடாதியின் கட்டிலருகே உட்கார்ந்து சில சொற்களைக் கற்றுக்கொண்டு வந்தார். வலி. போதும். இன்னும். பொறு. அவர் விரலை வைக்கிற விதத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரும். ஒருமுறை அவர் 'போதும்' என்பதைத் தப்பாகக் காட்ட, அது வேறெதுவோ ஆகிவிட்டது. சுடலைக்கண்ணு அதையும் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

ஒரு மதியம் தொட்டிகளுக்கு நடுவே நாற்காலியில் அசந்துவிட்டார்.

கனவில் அவர் ஜெல்லுக்குள் நடந்துகொண்டிருந்தார். நூல்கள் காட்டுக்கொடிகளாக மேலும் கீழும் தொங்கின. எங்கும் தண்ணீர். ஆனால் மூச்சு முட்டவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. கொடியும் கொடியும் சேர்ந்த இடத்தில் ஒரு முடிச்சு இருந்தது. அது தூங்கிக்கொண்டிருந்தது.

அவர் அதைத் தொட்டு, அவிழ்ந்துகொள்வாயா என்று கேட்டார்.

"கேட்டால் அவிழ்வேன்" என்றது முடிச்சு.

"கேட்டுவிட்டேனே."

"நீ கேட்டால் இல்லை."

"பிறகு யார் கேட்டால்?"

முடிச்சு மறுபடி தூங்கிவிட்டது.

விழித்தபோது மேகம் அறைக்குள் இருந்தது. தொட்டி எது, தரை எது என்று தெரியவில்லை. சவரிராயன் கையை நீட்டித் தடவிப்பார்த்தார். தண்ணீர் தட்டுப்பட்டது. தண்ணீருக்குள் விரல் தட்டுப்பட்டது. ஐந்து மெல்லிய விரல்கள். காலையில் அவர் போட்டுவைத்த உறை. மடக்கினார், மடங்கியது. நீட்டினார், நீண்டது. விடாமல் மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தார். கிழியவில்லை.

அவர் மேடத்தைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

*

முப்பிடாதியின் வலது கையில் தோல் வைத்தார்கள். அதன்மேல் சவரிராயனின் உறை, விரல் விரலாக. வெளியிலிருந்து பார்த்தால் கை ஈரமாக இருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றும்.

பிரிக்கவேண்டிய நாள் வந்தது. மேடமும் கூட வந்திருந்தார். அவர் கதவோரமாக நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை.

அறையில் டாக்டர், நர்ஸ், சுடலைக்கண்ணு, சவரிராயன். முப்பிடாதி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை. இடதுகை கட்டுக்குள் இருந்தது. வலதுகையை ஒரு தட்டின்மேல் வைத்திருந்தாள்.

தோல் பிடித்திருக்கிறதா, அல்லது உறையோடு சேர்ந்து வந்துவிடுமா என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தொட்டியில் நூறு தரம் கரைந்தது கையில் ஒரு தரம் கரையாமல் போகலாம் என்பது சவரிராயனுக்குத் தெரியும்.

கிண்ணத்தை எடுத்தார். அதில் அமிலம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர். அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அவளுடைய மணிக்கட்டில் கொஞ்சம் ஊற்றினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உறையின் ஓரம் தளர்ந்தது. ஒரு துளி வழிந்தது. இன்னொரு துளி. அதற்குக் கீழே இளஞ்சிவப்பாக, அசையாமல், தோல் இருந்தது.

டாக்டர் குனிந்து பார்த்தார். "பிடிச்சிருக்கு" என்று மெதுவாகச் சொன்னார்.

இனிமேல் முழுக்கையையும் கழுவிவிடலாம். சவரிராயன் கிண்ணத்தை விரல்களின் பக்கம் கொண்டுபோய்ச் சாய்க்கப் போனார்.

முப்பிடாதியின் கை தட்டிலிருந்து எழுந்தது. ஈரம் சொட்டச் சொட்ட விரல்கள் விரிந்து, ஒருமுறை தாழ்ந்தன.

பொறு.

யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சவரிராயனின் கை சாய்த்த நிலையிலேயே நின்றது.

நர்ஸ் பஞ்சை எடுத்த கையோடு நின்றாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கப் போனவர் பார்க்கவில்லை. சுடலைக்கண்ணு அவள் முகத்தைப் பார்த்தான். வலிக்கிறதா என்று யாரோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார்கள்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே மலையில் மேகம் நகர்வது தெரிந்தது, அல்லது மலைதான் நகர்ந்ததோ என்னவோ.

முப்பிடாதி அவசரப்படவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள், அவர் நின்றுகொண்டிருந்தார். நர்ஸைப் பார்த்தாள், அவளும் நின்றுகொண்டிருந்தாள். கதவோரத்தில் இருந்த மேடத்தைப் பார்த்தாள். கடைசியாகச் சவரிராயனைப் பார்த்தாள்.

அவருக்குத் தோள் கடுத்தது. கிண்ணத்தை அவர் இறக்கவில்லை.

அவள் விரல்கள் மறுபடி அசைந்தன. வேகமாக, சரளமாக, பாகு கொட்டுவதற்குமுன் இருந்த வேகத்தில். அந்தச் சொற்கள் சவரிராயனுக்குத் தெரியாதவை. அவர் சுடலைக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார்.

சுடலைக்கண்ணு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்றாங்க தம்பி?"

"ஒண்ணுமில்ல சார். நிப்பாட்டுவீங்களான்னு சும்மா சொல்லிப் பாத்தாளாம்."